தனிப்பிணையமும் ‘இன்னும்’ என்ற சொல்லும்



1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய இக்கேமரன் மலையில், தோட்டக் குடியிருப்பொன்றிலிருந்து முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவி ஒருவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் வேண்டிய ஆய்விதழ்கள் பல்கலைக்கழக வளாகத்துப் பிணையத்தில் மட்டுமே திறக்கும். வெளியிலிருந்து படிக்க விபிஎன் வேண்டும். “ஐயா, கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் இணையவில்லை. ஏடு ஒப்படைக்க ஒன்பது நாளே உள்ளது” என்றார். அவ்விடர்ப்பாட்டை முன்வைத்தே இன்று பேசுகிறோம்.

முதலில் பெயர். இதனை ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ எனச் சிலர் எழுதுவர். ‘தனியார்’ என்பது ஆளைக் குறிக்கும் உயர்திணைச் சொல், உடைமையாளரைச் சுட்டுவது. இங்குக் கருதப்படுவதோ பிறர் புகவியலாத தன்மை. ஆகவே ‘மெய்நிகர் தனிப்பிணையம்’ என்பதே பொருந்தும்.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவது பொதுச்சாலை. அதில் பூட்டிய பெட்டிகளில் தேயிலை சென்றால், லாரி செல்வதை எவரும் காண்பர், உள்ளிருப்பதைக் காணார். தனிப்பிணையமும் பொது இணையத்தின் வழியே தரவை மறையாக்கம் செய்து மறுமுனைச் சேவையகத்திற்கு அனுப்புகிறது. பெட்டி அங்கேதான் திறக்கப்படும். அதனால் நம் கணினி வளாகத்தினுள் இருப்பதாகவே நூலகத்தளம் கொள்கிறது. திறப்பவர் நம்பத்தக்கவராதல் வேண்டும். ஆதலின் இலவச விபிஎன் செயலிகளை ஆராயாமல் நிறுவலாகாது.

நிறுவுதல் எளிது. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலிருந்து மென்பொருளையும் அமைவுக் கோப்பையும் பதிவிறக்கி, கோப்பை மென்பொருளில் ஏற்றி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இட்டால் போதும்.

மாணவியும் இவற்றைச் செம்மையாகவே செய்திருந்தார். திரையில் தோன்றிய ஆங்கிலச் செய்தியைப் படிக்கச் சொன்னோம். ‘சான்றிதழ் செல்லாது’ என்று பொருள் கூறினார். ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொன்னோம். ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை’ என்பதே அதன் பொருள். ‘இன்னும்’ என்பது காலம் காட்டும் சொல். கடவுச்சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணினியின் நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னோம். அது 2009 என்று காட்டியது! சில இணையதளங்கள் திறக்க மறுத்ததற்கும் அதுவே காரணம். அவரோ மழைமூட்டத்தின்மீது பழி சுமத்தியிருந்தார்.

மின்சாரம் நின்றாலும் நேரத்தைக் காத்து நிற்பது தாய்ப்பலகையிலுள்ள நாணயவடிவ மின்கலம். பழைய மேசைக்கணினியில் அது தீர்ந்திருந்தது. நாளையும் நேரத்தையும் திருத்தியதும் பிணையம் இணைந்தது. மின்கலத்தைப் பின்னர் மாற்றிக்கொண்டார்.

ஆகவே பழுது நேரின் இவ்வரிசையைக் கைக்கொள்க. விபிஎன் இன்றி இணையம் இயங்குகிறதா எனக் காண்க. நாளும் நேரமும் சரிபார்க்க. பின்னர்ச் சேவையக முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல். அதன்பின் தீயரண் தடுக்கிறதா என்பது. இணைந்தும் தளம் திறவாவிடின் பெயர்ச்சேவையக அமைப்பை ஆராய்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. பலவற்றை மாற்றின் எது காரணமெனத் தெரியாது.

மாணவி குறித்த நாளில் ஏட்டை ஒப்படைத்தார். மென்பொருள்களைத் தமிழாக்குவோர் ‘பிழை நேர்ந்தது’ என்று மட்டும் எழுதி அமைதல் கூடாது. ‘இன்னும்’ என்ற ஒரு சொல் விடுபட்டால், ஒன்பது நாளும் கடவுச்சொல்லை மாற்றுவதிலேயே கழிந்துவிடும்.