கண்ணும் நரம்பும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இயலும் இசையும் நிறைந்த விழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். முதியோரும் இளையோரும் ஒருங்கே கூடும் இவ்வவையே அதற்குத் தக்க இடம் என்பது நம் கருத்து.

ஒவ்வொரு கண்ணையும் அசைப்பன 6 தசைகள். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் மூன்று இணைகள் அவற்றை இயக்குகின்றன. மூன்றாம் நரம்பு நான்கு தசைகளையும் மேலிமையையும் ஆள்கிறது. நான்காவதும் ஆறாவதும் ஒவ்வொரு தசையை ஆள்கின்றன.

மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் நரம்புக்கும் உறையுண்டு. அவ்வுறையின் உயிரணுக்கள், அவற்றை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் தியோடோர் ஷ்வான் பெயரால் வழங்குகின்றன. அவை மிகுந்து திரள்வதே ஷ்வானோமா என்னும் நரம்புறைக் கட்டி. மெல்ல வளர்வது; பெரும்பாலும் புற்று அன்று. மூளை நரம்புகளுள் செவியின் சமநிலை நரம்பையே அது மிகுதியாகப் பற்றும். கண்ணசைக்கும் நரம்புகளில் தோன்றுவது அரிது.

அரிதாயினும் அதன் குறிகள் தெளிவானவை. நான்காம் நரம்பு தளர்ந்தால் ஒரு பொருள் மேலும் கீழுமாக இரண்டாகத் தோன்றும். படியிறங்கும்போதும் படிக்கும்போதும் தொல்லை மிகும். தலை தானே ஒரு தோள்பக்கம் சாயும். ஆறாம் நரம்பு தளர்ந்தால் கண் மூக்குப்பக்கம் திரும்பும். மூன்றாவது தளர்ந்தால் இமை தொங்கும்.

ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் பெற்றோர், இவ்விடத்து மொழி அறியாமையாலும், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்னும் எண்ணத்தாலும், சுவரைப் பற்றியே படியிறங்குவர், வாய் திறவார். வயதானால் இப்படித்தான் என்று நாமும் விட்டுவிடுகிறோம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. புதிதாகத் தோன்றிய மாறுகண் அதிர்ஷ்டமன்று. அஃது ஓர் அறிவிப்பு.

எந்த ஒரு கண்ணை மூடினாலும் இரட்டைத் தோற்றம் மறையுமாயின், கண்கள் ஒருசேர நோக்கவில்லை என்பது பொருள். மருத்துவரிடம் செல்லும்போது பழைய புகைப்படங்களையும் கொண்டு செல்க. இளமைப் படத்திலேயே தலை சாய்ந்திருப்பின், குறை நெடுநாளையது என்று அவர் அறிவார்.

இக்குறிகளுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், தலையில் பட்ட அடி ஆகியவையே பெரும்பாலும் காரணம். நீரிழிவால் வந்தது பொதுவாகச் சில மாதங்களில் தீரும். தீராது நீடிப்பின் எம்.ஆர்.ஐ. படமே கட்டியைக் காட்டும். கடுந்தலைவலியுடன் இமை திடீரென விழுந்து, பாவையும் விரிந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

கட்டி என்ற சொல்லுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. அறுத்தெடுப்பதில் நரம்பே சிதைய நேருமாதலால், சிறு கட்டியை மருத்துவர் படமெடுத்துக் கண்காணித்தே வருவர். வளருமாயின் கதிர்வீச்சோ அறுவையோ உண்டு. பட்டகக் கண்ணாடி இரு தோற்றங்களை ஒன்றாக்க உதவும். கோணல் மாறாது நிலைத்தபின் தசையைச் சீர்செய்யும் அறுவையும் உண்டு.

ஆதலின் அன்பர்களே, நம் வீட்டு முதியோரிடம், "ஒன்று இரண்டாகத் தெரிகிறதா?" என்று நாமே கேட்போம். ஆம் என்றால் உடன் சென்று, மருத்துவர்முன் அவர்களுக்கு நாவாக நிற்போம். மொழி காக்கும் சங்கத்தார்க்கு இதுவும் ஒரு மொழித்தொண்டே.