“எப்படி, சேர்?” என்று கேட்காதீர்கள்

இன்றிலிருந்து ஊரே டொக்டர் என்று கூப்பிடப்போகும் பிள்ளைகளே,

நான் சத்திரசிகிச்சை பழகிய காலத்தில் என் ஆசிரியர் தியேட்டரில் அதிகம் பேசமாட்டார். தையல் சரியென்றால் ஒரு “ம்”. பிழையென்றால் நீடில் ஹோல்டரை என் கையிலிருந்து வாங்கித் தானே தைப்பார். ஏன் வாங்கினார் என்று கேட்கப் பயம். முடிச்சை நான் அளவுக்கு மீறி இறுக்குகிறேன், காயத்தின் ஓரம் வெளுத்துப்போகிறது என்பதைப் பல மாதங்கள் கழித்து ஒரு தியேட்டர் சிஸ்டர்தான் சொன்னார். அதற்குள் எத்தனை பேருடைய தோலில் என் பிழையை எழுதினேனோ!

லொக்புக் மட்டும் நிரம்பிக்கொண்டே வந்தது. இத்தனை அப்பெண்டிக்ஸ், இத்தனை ஹேர்னியா, பக்கத்தில் கையெழுத்து. இருபதாவது முதலாவதைவிட நன்றாக இருந்ததா என்று எழுத அதில் இடமே இல்லை.

“நல்ல சேர்ஜனாக வருவேன்” என்பது ஆசை. அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை தியேட்டரில் ஒன்றும் செய்ய முடியாது. கை கழுவும் அந்தச் சில நிமிடங்களில் சொல்லுங்கள்: “சேர், இன்றைய ஹேர்னியாவில் இலியோஇங்குவினல் நரம்பை நானே தேடிக் காட்டுகிறேன். தடுமாறினால் மட்டும் பிடியுங்கள்.” அந்த நரம்பு தையலில் சிக்கினால், கலஹாத் தோட்டத்திலிருந்து வந்த மனிதருக்கு மலை ஏறும்போதெல்லாம் கவட்டில் வலி. முடிந்து கையுறையைக் கழற்றும்போது, “எப்படி, சேர்?” என்று கேட்காதீர்கள். “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். “நரம்பைத் தேடும்போது எங்கே சுணங்கினேன்?” என்று கேளுங்கள். அதற்குப் “பரவாயில்லை” என்று யாராலும் சொல்ல முடியாது.

இது பழகுகிறவர்களுக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். இந்திய வம்சாவளியினரான அமெரிக்க சேர்ஜன் அதுல் கவாண்டே, எட்டு ஆண்டுகள் தனியாகச் சத்திரசிகிச்சை செய்த பின்பு, ஓய்வுபெற்ற தன் ஆசிரியரைத் தியேட்டருக்கு அழைத்து ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். விளக்கின் ஒளி காயத்தைவிட்டு விலகியிருந்ததையும் அவருடைய முழங்கை உயர்ந்திருந்ததையும் ஆசிரியர் குறித்துக்கொடுத்தார். 2011இல் கவாண்டே இதை வெளிப்படையாகவே எழுதினார். அதனால் அவர் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நாட்டின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் நடந்தது இந்தக் கண்டி ஆஸ்பத்திரியில்தான். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் முதலில் தைக்கப்போவது முச்சக்கரவண்டி கவிழ்ந்து வந்த யாரோ ஒருவரின் முழங்காலாக இருக்கும். கேள்வியை அங்கேயே தொடங்குங்கள்.

மேடையில் இருக்கும் சக ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீடில் ஹோல்டரை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் வாங்கினீர்கள் என்று அன்றைக்கே ஒரு வசனம் சொல்லிவிடுங்கள். நோயாளி விழித்திருந்தால் வெளியே வந்து சொல்லுங்கள். அவருக்கு இருக்கும் பயமே போதும்.