மலையூற்றும் பீலிக்கரையும்



சுனை, ஊற்று, கேணி, ஓடை என நீருக்குப் பெயர் பல இட்டு வழங்கியது நம் தமிழ். மலையகத் தோட்டங்களில் வாழும் மக்கள் அவற்றோடு மேலும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கின்றனர். அச்சொல் பீலி. மலைச் சரிவிற் கசியும் ஊற்றை ஒரு மூங்கிற் பிளவாலோ, தகரத்தாலோ, இரும்புக் குழாயாலோ ஏந்தி ஓரிடத்தில் விழச் செய்தால் அது பீலி, அவ்விடம் பீலிக்கரை. அயலிலுள்ள சிங்களக் கிராமத்தவரும் இதனைப் ‘பீல்ல’ என்றே அழைப்பர். ஒரே மலையின் நீரைக் குடிப்போர் சொல்லையும் பகிர்ந்துகொள்வது இயல்பே.

எமது பூண்டுலோயாவில் நீருக்குக் குறை என்று கேட்டால் வெளியூரார் நகைப்பர். டன்சினன் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து, அதன் நீர் கொத்மலை ஓயாவைச் சென்று சேர்கின்றது. டன்சினன் என்பது ஸ்கொத்லாந்து நாட்டு மலையொன்றின் பெயர்; சேக்சுபியரின் ‘மக்பெத்’ நாடகத்தைக் கற்றோர் அதனை அறிவர். அருவியைக் காண வருவோர் கண்டு களித்துச் செல்கின்றனர். ஆனால், லயத்து வீடுகள் பலவற்றில் உலையேறும் நீர் அருவி நீரன்று. பெயரே இல்லாத ஓர் ஊற்றின் நீர்.

அவ்வூற்று எங்ஙனம் பிறக்கின்றது? மலையின் வயிற்றுக்குள் பெருங்குளம் ஒன்று இருப்பதாகவே மாணவர் பலர் எண்ணுகின்றனர். அப்படியொரு குளம் இல்லை. மலைநாட்டின் அடியில் இருப்பது கடினமான உருமாறிய பாறை. அதன்மேல் உக்கிய பாறையும் மண்ணும் போர்வைபோற் படிந்துள்ளன. மழைநீர் அப்போர்வைக்குள் மெல்ல இறங்கி, பாறை வெடிப்புகள் வழியே நகர்ந்து, மேலும் கீழிறங்க இயலாத இடத்திற் சரிவின் பக்கமாக வெளிப்படுகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையில் ஒரு பங்கையும், அதன் பின்வரும் மழையில் ஒரு பங்கையும் மலை இவ்வாறு சேமித்து, சனவரி முதலான வறண்ட மாதங்களிற் சிறிது சிறிதாக நமக்கு அளந்து தருகின்றது. மேலேயுள்ள மண் கழுவுண்டு போனால், மழை உள்ளே இறங்காது மேலோடிப் போகும். அப்பொழுது மாரியில் வெள்ளமும் கோடையில் வெறுங்குடமுமே மிஞ்சும்.

இவ்வுண்மை புதியதன்று. மலைக்காடுகள் கோப்பிக்காக வெட்டுண்ட காலத்தில், 1873ஆம் ஆண்டிலேயே, தாவரவியலறிஞர் யோசேப்பு ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என அறிவுறுத்தினார். 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் ஓடைகளின் தலையூற்றுகளையும் கரைகளையும் காக்க விதிகள் ஆக்குவதற்கு இடமளித்தது. சட்டம் ஏட்டில் உண்டு. ஊற்றுக்குக் காவலர் யார் என்று கேட்டால் மறுமொழி கூறுவார் இல்லை. நிலம் தோட்டத்தினுடையது, நீர் எல்லார்க்கும் உரியது, பராமரிப்போ எவருக்கும் உரியதன்று என்ற நிலையே பல இடங்களிற் காணப்படுகின்றது.

இவ்விடத்தில் யப்பானியரின் செயலொன்று நினைவுக்கு வருகின்றது. 1985ஆம் ஆண்டு, அதாவது நமது கொத்மலை நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், அந்நாட்டுச் சுற்றாடல் முகவரகம் நாடெங்கணுமுள்ள 100 சிறந்த நீரிடங்களைத் தெரிந்து பட்டியலிட்டது. 2008இல் மேலும் 100 இடங்கள் சேர்ந்தன. நீரின் தெளிவை மட்டும் பார்த்தார்களில்லை. ஊரவர் அதனைப் பேணுகின்றனரா என்பதையும் பார்த்தனர். அவற்றுள் ஒன்று ஹொக்கைடோத் தீவிலுள்ள கியோகொகு என்னும் சிற்றூரின் ஊற்று. யோதெய் எரிமலைமீது பெய்யும் மழையும் பனியும் பாறைக்குள் இறங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 80,000 தொன் நீராக அங்கே பொங்குகின்றன. தொலைவிலிருந்தும் மக்கள் கலன்களுடன் வந்து நீர் முகந்து செல்கின்றனர். நம் ஊற்றுகள் அத்துணைப் பெரியன அல்ல. ஆயினும் ஒரு லயத்தின் இருபது குடும்பங்களுக்கு அதன் பீலி கியோகொகுவினும் பெரிது என்பேன்.

மலையின் உள்வழியைக் குலைத்தால் என்ன நேரும் என்பதைப் பண்டாரவளைப் பகுதி மக்கள் கண்டனர். 2014 திசெம்பரில் உமா ஓயாச் சுரங்கத்தினுள் நிலநீர் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கி முறையிட்டனர்.

நம் அயலில் நிகழும் கேடு இத்துணைப் பெரிதன்று. அதனாலேயே எவர் கண்ணுக்கும் படுவதில்லை. ஊற்றுக்கு மேற்புறத்தில் மலசலகூடக் குழி வெட்டுகின்றனர், களைகொல்லி தெளிக்கின்றனர். வீட்டுக்கொரு அல்கதீன் குழாயை ஊற்றுக் கண்ணிலேயே செருகி, கீழ் லயத்தாருக்குச் சொட்டு நீரும் விடாமல் இழுத்துக்கொள்கின்றனர். பீலிக்கரைச் சண்டை பள்ளிக்கூடத்து வகுப்பறை வரை வருவதை நான் பலமுறை கண்டதுண்டு. நீர் தெளிவாயிருப்பதால் அது தூயதென நம்புவதும் தவறு. நெருப்புக்காய்ச்சற் கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. கொதிக்க வைத்தே குடித்தல் வேண்டும்.

எம் மாணவர்க்கு நான் தரும் பயிற்சி ஒன்றுண்டு. பத்து லீற்றர் வாளியைப் பீலியின் கீழ் வைத்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தாற் குறித்தல். இருபது வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லீற்றர். நாளொன்றுக்கு 43,200 லீற்றர். மாதந்தோறும் ஒரே நாளில் அளந்து கொப்பியில் எழுதிவந்தால், ஊற்று மெலிகின்றதா என்பது இரண்டு மூன்று ஆண்டுகளிற் புலப்படும். இத்துடன் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கின்றேன். தெளிந்த ஊற்றுத் திடீரெனச் சேறாகக் கலங்குதல், இருந்த ஊற்று மறைதல், இல்லாத இடத்திற் புதிதாக நீர் கிளம்புதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகின்றது. 2014 ஒக்தோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை நாம் மறந்துவிடவில்லை. மழைக்காலத்தில் இவ்வறிகுறி எதையேனும் காணும் பிள்ளை, குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்து பெரியோரிடம் சொல்லவேண்டும். பெரியோர் வீட்டாரை வெளியேற்றிவிட்டுக் கிராம அலுவலருக்கு அறிவிக்கவேண்டும்.