கல்லில் இருக்கும் கதவிலக்கம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் பெரிய கோயிலுக்குத்தான் அழைத்துப் போகிறோம். விமானத்தை அண்ணாந்து பார்ப்போம். சுவரில் உள்ள எழுத்தைப் பார்க்க மாட்டோம். அந்த எழுத்தில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன்.

மயமதம் போன்ற சிற்ப நூல்கள், ஊர் அமைக்கும் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கச் சொல்கின்றன. நடுக் கட்டம் பிரம்மாவுக்கு. தெரு எப்படிப் போக வேண்டும், எந்தத் தொழில் செய்பவர் எந்தப் பக்கம் குடியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கட்டடம் மட்டும் நகரம் ஆகாது, அவரவருக்கு ஓர் இடம் இருந்தால்தான் நகரம் என்பது அவர்கள் எண்ணம்.

ராஜராஜ சோழன் தஞ்சையில் அதைச் செய்து காட்டினார். அவருடைய 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்து குடியேறிய 400 தளிச்சேரிப் பெண்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: அங்கே திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. அடுத்து இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று போகிறது. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்க வரிசை. நாம் 'பிளாக்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்! ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். காவிரி விளைவித்த நெல்தான் அந்தத் தெருக்களுக்குச் சோறு போட்டது.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. மேளம் கொட்டுபவர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர் என எல்லாருக்கும் அவரவர் பங்கு உண்டு.

குறையையும் சொல்ல வேண்டும். இதே கோயிலுக்குத் தானமாக வந்த ஊர்களின் கணக்கில் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் இருக்கிறது. இடம் கொடுத்த அதே எண்ணம் சிலரை ஒதுக்கியும் வைத்தது. அது நமக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். லிஃப்ட் பக்கத்தில் நம் பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருக்கிறோம். வாட்ச்மேன் இல்லை. காலையில் குப்பை எடுக்கும் அம்மா இல்லை. மோட்டார் போடுபவர் இல்லை. அவர்கள் உட்கார நிழலில் ஓர் இடமும் இல்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன் தண்ணீர் தெளித்தவருக்குக் கல்லில் இடம் இருந்தது. நம் பலகையில் மூன்று வரி சேர்ப்போம். கீழே ஓர் அறையும் ஒதுக்குவோம். இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.