கட்டத்துக்குள் கொல்லம் ஆண்டு

மார்த்தாண்டம் பக்கம் பழைய நிலப் பத்திரத்தைப் பிரித்தால் ‘1098 சிங்ஙம்’ என்பதுபோல ஒரு தேதி இருக்கும். அது கொல்லம் ஆண்டு, கி.பி. 825-ல் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூரின் கணக்கில் வாழ்ந்த மண் அல்லவா! சிங்ஙம் என்பது நம் ஆவணி. ஆக, அந்த மாதம் பிறந்தது 1922 ஆகஸ்டில்.

இந்தக் கணக்கு அழியக் கூடாது. மாதக் காலண்டரை வீட்டிலேயே அச்சடியுங்கள். கணினியில் ஏழு பத்தி, ஆறு வரிசை. ஐந்து வரிசை போதாது. சனிக்கிழமை பிறக்கும் 31 நாள் மாதம் ஆறாவதுக்கு ஓடிவிடும். கட்டத்தின் மூலையில் கொல்லம் தேதி, கீழே ரப்பர் ஷீட் விற்ற நாள், தேன் எடுத்த நாள். பாட்டி கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கொல்லம் தேதிகளை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.