பசுந்தீவனச் சோளம்: விளைச்சலும் எச்சரிக்கையும்

(மயிலாப்பூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"இன்ஜினீயருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று செயலாளர் கேட்டார். மதுராந்தகம் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. சனி, ஞாயிறு அங்கேதான். அந்தச் சம்பந்தம்தான்.

கபாலி கோயில் வாசலில் பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்துவிட்டு நாம் வந்துவிடுகிறோம். மாடு வளர்ப்பவருக்கோ முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தீவனம் வேண்டும். அதற்கு ஏற்ற பயிர்களில் ஒன்று கோ எப்.எஸ். 29 என்கிற தீவனச் சோளம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ல் வெளியிட்டது. நம் சோளத்தையும் சூடான் புல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. சூடான் புல் 1909-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், பிறகு உலகம் முழுக்கப் பரவிய புல். அதன் குணம், வெட்ட வெட்டத் துளிர்ப்பது.

ஏக்கருக்கு 5 கிலோ விதை போதும். முதல் அறுவடை 65 நாளில். அப்புறம் 50 நாளுக்கு ஒருமுறை. அடியில் அரை சாண் கட்டையை விட்டு அறுக்கணும். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் தண்ணீரும் தழைச்சத்தும் கொடுக்கணும். பாசன நிலத்தில் எக்டேருக்கு ஆண்டுக்கு 170 டன் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. அதாவது ஏக்கருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 185 கிலோ. அதில் பாதிதான் கிடைத்தது என்று வையுங்கள். மாட்டுக்கு 25 கிலோ வீதம் மூன்று மாடு தாராளமாகச் சாப்பிடும். கூடவே வேலிமசாலோ தட்டைப்பயறோ போட்டால் புரதமும் கிடைக்கும்.

இங்கேதான் இன்ஜினீயர் புத்தி உதவியது. நிலத்தைப் பத்துப் பாத்தியாகப் பிரித்தேன். ஒரு பாத்தி ஐந்து நாளுக்கு. பத்தாவது பாத்தி முடியும்போது முதல் பாத்திக்குச் சரியாக 50 நாள் ஆகியிருக்கும். ஒரே நாளில் எல்லாம் முற்றி நாராகப் போகாது.

இனி முக்கியமான விஷயம். ஒரு கோடையில் பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது. அறுத்த வயலில் மறுதாம்பு முழங்கால் உயரத்தோடு வாடி நின்றது. ஒரு மழை பெய்து பச்சைப்பசேலென்று துளிர் விட்டது. ஒரு அம்மாவின் கறவைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதை மேய்ந்தது. டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த வீட்டுக்கு அந்த ஒரு மாட்டுப் பால்தான் வருமானம்.

காரணம் என்ன? இளஞ்சோளத்தில் டுரின் என்ற பொருள் இருக்கிறது. மாடு மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரோசயனிக் அமிலமாகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடலின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் போகும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசி மருந்து உண்டு. ஆனால் நேரம் நிமிடக் கணக்கில்தான். "பூக்காத சோளத்தில் மாட்டைக் கட்டாதே" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இடுப்பளவு வளராத பயிரையும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்ததையும் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும். பொடியாக நறுக்கி, குழியில் காற்றில்லாமல் மிதித்து அடைத்து, ஒன்றரை மாதம் மூடிவைக்கும் ஊறுகாய்ப் புல்லிலும் குறையும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இலையை நசுக்கிச் சோதனைக் குழாயில் போட்டு, சோடியம் பிக்ரேட் தடவிய மஞ்சள் தாளைத் தொங்கவிட்டால், நஞ்சு இருந்தால் தாள் செங்கல் நிறமாகும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக்கூடியது. ஆகவே பேராசிரியர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நம் வேதியியல் கூடத்தில் ஒரு மேசையை ஒதுக்கி, கோடை மாதங்களில் விவசாயிகள் கொண்டுவரும் இலைகளைச் சோதித்துச் சொல்லலாம். கண்ணாடிப் பொருள்களுக்கும் ரசாயனத்துக்குமான செலவை எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்கத் தயார். பேராசிரியர்கள் சம்மதித்தால் அடுத்த பங்குனியிலேயே தொடங்கிவிடலாம்.