முத்திரை சொல்லும் சாட்சி



செங்காங் வட்டாரத்தில் வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பேட்டைப் பள்ளியில் நான் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சில மாதங்களுக்கு முன், எங்கள் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த இத்தாலிய அட்டைகள் ஒரு கட்டை என்னிடம் கொடுத்தார். மறுநாள் அவற்றை வகுப்பில் காட்டினேன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு சிறுமி ஓர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகான படத்தின் மேலேயே தபால்தலையை ஒட்டி, அதன் மேல் கறுப்பு முத்திரையும் குத்திக் கெடுத்துவிட்டார்களே!" என்றாள். அவளுக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த அட்டை கெட்டுப்போன அட்டை அன்று. அதற்கு மாக்சிமம் கார்டு என்று பெயர். சாதாரணமாக நாம் படஅட்டை அனுப்பும்போது முகவரி எழுதும் பக்கத்தில்தான் தபால்தலையை ஒட்டுவோம். மாக்சிமம் கார்டிலோ, படம் இருக்கும் பக்கத்திலேயே தபால்தலை ஒட்டப்படும். அஞ்சலக முத்திரை பாதி தபால்தலையிலும் பாதி அட்டையிலும் விழும்படி குத்தப்படும். தபால்தலை, அட்டையின் படம், முத்திரை ஆகிய மூன்றும் முடிந்த மட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் எவ்வளவு நிறைவாக அமைகிறதோ அவ்வளவுக்கு அட்டையின் மதிப்பும் உயரும்.

பொருத்தம் என்றால் மூன்று பொருத்தம். முதலாவது, பொருள். தபால்தலையில் எது இருக்கிறதோ அதுவே அட்டையின் படத்திலும் இருக்க வேண்டும். ஆனால் தபால்தலையையே பெரிதாக்கி அச்சிட்ட அட்டை கூடாது; அது கண்ணாடியில் முகம் பார்ப்பது போலத்தான். இரண்டாவது, இடம். முத்திரையில் உள்ள ஊருக்கும் படத்தில் உள்ள பொருளுக்கும் உறவு இருக்க வேண்டும். மூன்றாவது, காலம். தபால்தலை வெளியான நாளுக்கு எவ்வளவு அருகில் முத்திரை விழுகிறதோ அவ்வளவு நல்லது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் காட்டும் ஓர் இத்தாலியத் தபால்தலையை, அதே கோபுரத்தின் படம் உள்ள அட்டையில் ஒட்டி, ரோம் நகர அஞ்சலகத்தில் முத்திரை வாங்கினால் பொருள் பொருந்தும், இடம் பொருந்தாது. பைசா அஞ்சலகத்தின் முத்திரை விழுந்தால் அட்டை நிறைவு பெறும். இத்தாலிய முத்திரைகளைப் படிக்கத் தொடங்கியதும் நம் பிள்ளைகளுக்குப் பூகோளமும் கைகூடும். நாம் ஃபுளோரன்ஸ் என்று சொல்லும் ஊர் தன்னை ஃபிரென்ஸே என்று எழுதிக்கொள்கிறது. வெனிஸ், வெனேசியா ஆகிறது. நேப்பிள்ஸ், நாப்போலி ஆகிறது. ஊர் தன் பெயரைத் தானே சொல்லும் இடம் அஞ்சல் முத்திரை.

ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் அறிந்த ஒரு பெயரை இங்கே குறிப்பிட வேண்டும். இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907இல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1970இல் இத்தாலி ஒரு தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டு இந்தியாவும் வெளியிட்டது.

இந்தியா ஏன் வெளியிட வேண்டும்? 1939இல் அம்மையார் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 1940இல் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. அவர் மகன் மரியோ காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அம்மையார் கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்து பணியாற்றினார். 1946இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

இப்போது மாக்சிமம் கார்டு செய்பவரின் கண்ணோடு பாருங்கள். இத்தாலியத் தபால்தலைக்குக் கியாரவல்லே முத்திரையும் பொருந்தும், ரோம் முத்திரையும் பொருந்தும். அவர் வாழ்வோடு தொடர்பில்லாத வேறோர் ஊரின் முத்திரை பொருந்தாது. இந்தியத் தபால்தலைக்கோ சென்னை பொருந்தும், கொடைக்கானலும் பொருந்தும். எந்த முத்திரை சரி என்று தேடப் போனால் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றையே படித்தாக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் பயன் அதுதான். தபால்தலை யார் என்று சொல்கிறது. முத்திரை எங்கே, எப்போது என்று சொல்கிறது.

நம் சிங்கப்பூர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தில், 1854 முதல், சிங்கப்பூரில் பயன்பட்டவை இந்தியத் தபால்தலைகளே. விக்டோரியா அரசியாரின் முகம் உள்ள அந்தத் தபால்தலையைத் தனியே எடுத்துப் பார்த்தால், அது கல்கத்தாவில் விற்றதா, சென்னையில் விற்றதா, சிங்கப்பூரில் விற்றதா என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் மேல் 'பி 172' என்ற முத்திரை இருந்தால், அது சிங்கப்பூரில் பயன்பட்டது என்று அறியலாம். பினாங்குக்கு 'பி 147'. மலாக்காவுக்கு 'பி 109'. 1867 ஏப்ரலில் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாகப் பிரிட்டிஷ் அரசின்கீழ் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியத் தபால்தலைகளின் மேல் கிரீடமும் காசு மதிப்பும் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதற்கு முந்திய பதின்மூன்று ஆண்டுகளின் சிங்கப்பூர்த் தபால்தலைகளை அடையாளம் காட்டுவது முத்திரை ஒன்றுதான்.

ஆட்சி மாறினால் காலக்கணக்கும் மாறும் என்பதையும் அஞ்சல் சொல்லும். முசோலினி ஆண்ட காலத்து இத்தாலிய முத்திரைகள் பலவற்றில், தேதிக்கு அருகே ரோமன் எண் ஒன்று இருக்கும். அது பாசிச ஆட்சியின் ஆண்டுக் கணக்கு. 1935ஆம் ஆண்டு மே மாதத்து முத்திரையானால் அதில் பதின்மூன்று என்று இருக்கும். நம் நாடு 1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு, மலாயாத் தபால்தலைகளின் மேல் 2602 என்று அச்சிட்டார்கள். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1942. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்த இரண்டு ஆட்சிகளும் மக்களின் நாட்காட்டியையே தம் கைக்குள் கொண்டுவர முயன்றன. அந்த ஆட்சிகள் போய்விட்டன. அவை விட்ட அடையாளம் ஓர் அங்குலக் காகிதத்தில் இன்னும் இருக்கிறது.

நேயர்களே, இவ்வளவையும் நூல்களில் படித்துத்தான் நான் அறிந்துகொண்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். முத்திரையின் அருமையை நான் கற்றது என் சொந்தப் பிழையினால்.

என் தாத்தா சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கி வேலை பார்த்தவர். பாட்டி ஊரிலே இருந்தார். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் எங்கள் வீட்டில் இருந்தன. எனக்குப் பத்து வயதிருக்கும்போது தபால்தலை சேர்க்கும் ஆசை பிடித்தது. ஒரு பள்ளி விடுமுறை நாளில் யாரையும் கேட்காமல் டப்பாவைத் திறந்தேன். உறைகளிலிருந்த தபால்தலைகளை ஓரம் ஒட்டிக் கத்தரித்தேன். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துக் காயவைத்தேன். மிஞ்சிய உறைகளைக் குப்பையில் போட்டேன். கடிதத் தாள்களை மட்டும் திரும்ப டப்பாவில் வைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதங்களைப் படித்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். ஒரு கடிதத்தின் தலைப்பில் 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் எழுதியிருந்தது. தேதி இல்லை. உள்ளே, 'முந்தாநாள் விடியற்காலை ஆண் குழந்தை பிறந்தது, இருவரும் சுகம்' என்று இருந்தது. அந்தக் குழந்தைதான் என் அப்பா.

அப்பாவின் பிறந்த நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அடையாள அட்டையில் 1948ஆம் ஆண்டு ஜூலை 1 என்று இருக்கிறது. அது, பள்ளியில் சேர்க்கும்போது உத்தேசமாகக் குறித்த தேதி. அந்தக் கடித உறையின் தபால்தலை என் ஆல்பத்தில் இருந்தது. அது மூன்றரை அணா மதிப்புள்ள காந்தியடிகள் தபால்தலை. சுதந்திர இந்தியா அதை வெளியிட்டது 1948 ஆகஸ்டு 15ஆம் நாள். ஆகவே பாட்டியின் கடிதம் அதற்கு முன் வந்திருக்க முடியாது. ஜூலை 1 சரியல்ல என்பதைத் தபால்தலை காட்டிவிட்டது. ஆனால் எந்த மாதம், எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதைச் சொல்ல வேண்டியது முத்திரை. அதன் கால்வாசி வளைவும் ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் மட்டுமே தபால்தலையில் தங்கியிருந்தன. தேதி இருந்த பகுதியை நான் என் கையாலேயே கத்தரித்து எறிந்திருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தபால்தலையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்படியானால் நான் நினைத்ததைவிட இளையவன்" என்று சிரித்தார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால், உறையை உறையாகவே வையுங்கள். தபால்தலையைக் கத்தரிக்க வேண்டாம்; தண்ணீரில் இட வேண்டாம். உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். அந்நாளில் கடிதம் வந்து சேர்ந்த ஊரிலும் முத்திரை குத்தும் வழக்கம் இருந்ததால், புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் ஒரே உறையில் கிடைக்கக்கூடும். நம் ஊரின் ஈரக்காற்றில் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒட்டும் நாடாவைப் பயன்படுத்தாதீர்கள்.

புதிதாகச் செய்ய விரும்பும் பிள்ளைகள் மாக்சிமம் கார்டு ஒன்று செய்து பார்க்கலாம். உதாரணமாக, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைக் காட்டும் தபால்தலை ஒன்று செல்லுபடியாகும் நிலையில் உங்களுக்குக் கிடைத்தால், அதே கோயிலின் படஅட்டை ஒன்று வாங்குங்கள். படத்தின் முக்கியப் பகுதியை மறைக்காமல் ஒரே ஒரு தபால்தலையை ஒட்டுங்கள். கோயிலுக்கு அருகிலுள்ள அஞ்சலகத்துக்குப் போய், முகப்பில் இருப்பவரிடம் தேதி தெளிவாக விழும்படி முத்திரை குத்தித் தரப் பணிவாகக் கேளுங்கள். மை காயும்வரை கை வைக்காதீர்கள். செங்காங்கிலேயே முத்திரை வாங்கினால் வேலை எளிது. ஆனால் அட்டை உண்மை பேசாது. ஒரு ரயில் பயணம் போய் வருவதில் குறைவில்லை.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமி இப்போது தன் பாட்டியின் கடிதங்களைக் கேட்டு வாங்கி, உறையோடு அடுக்கி வருகிறாள். கத்தரிக்கோலைத் தொடுவதில்லை என்று என்னிடம் சொன்னாள். அழகான படத்தைக் கெடுத்துவிட்டது என்று அவள் வருந்திய அந்தக் கறுப்பு வட்டத்துக்குள்தான் ஓர் ஊரும் ஒரு நாளும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டு டப்பாக்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.